மைதானச் சுவரில் யாரை வரைவது?

அன்புள்ள ஐயா,

காங்கேயம் பக்கத்தில் எங்கள் ஊர்க் கிரிக்கெட் குழு ஆண்டுதோறும் பொங்கல் நோம்பிக்குப் போட்டி நடத்துகிறது. இந்த முறை மைதானத்துச் சுவரில், கிரிக்கெட் வரலாற்றில் பெரும் தாக்கத்தை ஏற்படுத்திய ஐந்து பேரை வரையத் தீர்மானித்திருக்கிறோம். பையன்கள் சச்சின், தோனி, கோலி என்கிறார்கள். பெரியவர்களுக்கு பிராட்மேனும் கபில்தேவும் வேண்டும். சின்னப்பம்பட்டி நடராஜன் இல்லாத சுவர் நமக்கு எதற்கு என்று இன்னொரு தரப்பு கேட்கிறது. எல்லாத் தெருப் பையன்களும் சேர்ந்து ஆடும் குழு இது, இதனால் பிளவு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. உங்கள் ஐந்து பேர் யார்?

வாசகர் ஒருவர், காங்கேயம்

அன்புள்ள தம்பிக்கு,

நன்றாக ஆடியவர் யார் என்று ஒரு தரப்பு பேசுகிறது, நம்மவர் யார் என்று இன்னொரு தரப்பு பேசுகிறது. நீங்கள் கேட்டிருப்பதோ யாரால் இந்த ஆட்டம் மாறியது என்பதை. பிராட்மேனின் 99.94 என்ற சராசரியை இன்றுவரை ஒருவரும் நெருங்கவில்லை. ஆனாலும் அவர் பிறக்காமலே இருந்திருந்தால் மைதானத்துக்குள் வர முடியாமல் போயிருப்பவர் யார் என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் தென்படவில்லை. அதனால் அவரை விட்டுவிடுகிறேன்.

உயிரோடு இருப்பவர்கள் வேண்டாம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். சச்சின், தோனி, கோலி, கபில்தேவ், நடராஜன் எல்லோருக்கும் அந்த ஒரே விதி பொருந்தும், யாருக்கும் மனத்தாங்கல் வராது. நடராஜன் 2020-இல் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசப் போனார். அதே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக ஆடிவிட்டார். பிறகு சொந்த ஊரிலேயே மைதானமும் அமைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துப் பையன்களைச் சின்னப்பம்பட்டிக்கு அழைத்துப்போய் அந்த மைதானத்தைக் காட்டுங்கள். படத்தைப் பார்ப்பதைவிட அது அவர்களுக்கு உறைக்கும்.

என் பட்டியலில் முதலில் நிற்பவர் பல்வங்கர் பாலு. 1876-இல் தலித் குடும்பத்தில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் ஆடுகளத்தை உருட்டி, வலை கட்டும் வேலை பார்த்தார். அங்கே அவர்களுக்குப் பந்து வீசி வீசியே தேர்ந்த இடக்கை சுழற்பந்து வீச்சாளரானார். வெள்ளையரைத் தோற்கடிக்க அவர் கை வேண்டும் என்பதால் இந்துக்களின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. மைதானத்தில் அவர் கைப்பட்ட பந்தையே மற்றவர்களும் தொட்டார்கள். இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தனிக் குவளையில் தேநீர். 1911-இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். அப்படியும் இந்துக்கள் அணியின் தலைவர் பதவியை அவருக்குக் கொடுக்கவில்லை. 1923-இல்தான் அவருடைய தம்பி விட்டல் அந்த இடத்துக்கு வந்தார். நம் பக்கத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததைப் பார்த்தவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். எல்லாத் தெருப் பையன்களும் ஆடுகிறார்கள் என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர் பாலுதான். அவர் படம் அங்கே கட்டாயம் வேண்டும்.

அடுத்து பேசில் டி'ஒலிவேரா. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் வெள்ளையரல்லாதவராகப் பிறந்ததால், எவ்வளவு திறமை இருந்தும் நிறவெறி ஆட்சியில் சொந்த நாட்டு அணியில் அவருக்கு இடமில்லை. 1960-இல் இங்கிலாந்துக்குப் போய் அந்த நாட்டு அணிக்கே தேர்வானார். 1968-இல் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 ரன் அடித்தார். அடுத்து தென்னாப்பிரிக்கப் பயணம். அதற்கான பட்டியலில் அவர் பெயரை விட்டுவிட்டார்கள். இங்கிலாந்தே கொதித்தது. இன்னொரு வீரர் காயத்தால் விலக, அந்த இடத்துக்கு அவரை அழைத்தார்கள். அவர் வருவதானால் அந்த அணியை ஏற்க முடியாது என்றார் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஃபோர்ஸ்டர். பயணம் ரத்தானது. 1970-க்குப் பிறகு அந்த நாடு 22 ஆண்டுகள் டெஸ்ட் ஆட முடியவில்லை. ஒரு மட்டையாளரின் சதம் ஓர் அரசின் முகத்தை உலகுக்குக் காட்டிக்கொடுத்தது. இதற்கு இணையாக இன்னொன்றைக் கிரிக்கெட்டில் என்னால் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது ரேச்சல் ஹேஹோ ஃபிளின்ட். பெண்களின் உலகக் கோப்பை 1973-இல் நடந்தது, ஆண்களுக்கு அது 1975-இல்தான் வந்தது. அதை முன்னின்று நடத்திய இங்கிலாந்து அணித்தலைவர் இவர். 1787-இல் தொடங்கிய எம்.சி.சி. என்ற லண்டன் கிரிக்கெட் கிளப் 1998 வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. அந்தக் கதவைப் பல ஆண்டுகள் விடாமல் தட்டியவரும் இவர்தான். தம்பி, உங்கள் கடிதத்தில் பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர்களுக்கும் அந்த மைதானத்தில் ஒரு நேரம் ஒதுக்குங்கள்.

நான்காவது கெர்ரி பேக்கர். ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி, ஆட்டக்காரர் அல்ல. அதைச் சொல்லிச் சிலர் மறுப்பார்கள். 1977-இல் தொலைக்காட்சி உரிமைக்காக அவர் தொடங்கிய போட்டித் தொடரால்தான் ஆட்டக்காரர்களுக்கு உழைப்புக்கேற்ற கூலி கிடைக்கத் தொடங்கியது. இரவு விளக்கு, வெள்ளைப் பந்து, வண்ணச் சட்டை எல்லாம் அதிலிருந்து பரவியவை. திருப்பூரில் ஜெர்சி தைக்கிறவர்களுக்கும் அதில் பங்குண்டு. தயங்காமல் வரையுங்கள்.

ஐந்தாமவர் ஃபிராங்க் வொரெல். மேற்கிந்தியத் தீவுகள் அணியை ஒரு தொடர் முழுக்கத் தலைமையேற்று நடத்த நியமிக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர். 1960-இல் பிரிஸ்பேனில் இரு அணிகளின் ரன்னும் சமமாகி முடிந்த டெஸ்டில் அந்த அணி ஆடியது அவர் தலைமையில்தான். 1962-இல் பார்படாஸில் நம் அணித்தலைவர் நாரி கான்ட்ராக்டரின் தலையில் பந்து தாக்கி உயிருக்குப் போராடியபோது ரத்தம் கொடுத்தவர்களில் மேற்கிந்தியத் தீவுகள் அணித்தலைவரான வொரெலும் ஒருவர். அதன் நினைவாக வங்காளக் கிரிக்கெட் சங்கம் பிப்ரவரி 3 அன்று ரத்ததான முகாம் நடத்துகிறது.

ஒவ்வொரு படத்தின் கீழும் அவர் என்ன செய்தார் என்று இரண்டு வரி எழுதுங்கள். நடுகல்லில் பெயரோடு பீடும் எழுதிய மரபு நம்முடையது. வெறும் முகத்தை வரைந்தால் பையன்களுக்கு யாரென்றே தெரியாது. நோம்பி முடிந்த கையோடு பிப்ரவரி 3 வந்துவிடும். அன்று உங்கள் மைதானத்திலும் ஒரு ரத்ததான முகாம் வையுங்கள். அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். நேரத்தை எழுதுங்கள், நானும் வருகிறேன்.

அன்புடன்.