மேடை ஓரமா நிக்கலாமுங்களா?

வாசகர் கேள்வி–பதில்

இந்த இதழில் மேடைக் கச்சேரி பற்றிய கேள்விகள் மட்டும். கல்லூரி விழாக்காலம் நெருங்குவதாலோ என்னவோ, வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ராக் பேண்டு பற்றித்தான். கேட்கப் போகிறவர்கள், வாசிக்கிறவர்கள், பந்தல் போட்டு நடத்துகிறவர்கள் என மூன்று தரப்பும் எழுதியிருக்கிறார்கள்.

ஏனுங்க, பெங்களூர்ல ஒரு ராக் ஷோவுக்கு டிக்கெட் எடுத்து வெச்சிருக்கறேன். மேடை ஓரமா நின்னாத்தான் கிக்குன்னு கூட்டாளிக சொல்றாங்க. ஆனா காலேஜ் விழாவுல அப்படி நின்னப்ப டிரம்ஸைத் தவிர ஒண்ணும் கேக்கலைங்க. எங்கதான் நிக்கறது?
– கல்லூரி மாணவர், பெருந்துறை

முகம் பார்க்க வேண்டுமென்றால் முன்வரிசை. பாட்டு கேட்க வேண்டுமென்றால் மிக்ஸர் கூடாரம். 2007இல் அயர்ன் மெய்டனும் 2011இல் மெட்டாலிகாவும் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்த காலத்திலிருந்தே நம் பக்கத்துப் பையன்கள் ராத்திரி பஸ் ஏறிப் போய் முன்வரிசைக்கு முண்டியடிக்கிறார்கள். அங்கே நின்றால் உடம்பு அதிரும், பாட்டு புரியாது.

காரணம் இதுதான். மேடையின் இரு பக்கமும் வாழைப்பழம் மாதிரி வளைந்து தொங்கும் பாக்ஸ் வரிசைதான் லைன் அரே. அது குறி வைப்பது நடு மைதானத்தையும் பின்பக்கத்தையும். மேடையை ஒட்டி நிற்பவர் அதன் வீச்சுக்குள்ளேயே வரமாட்டார். அவருக்குக் கேட்பது மேடையிலிருக்கும் கிட்டார் ஆம்ப், டிரம்ஸ், தரையில் அடுக்கிய பேஸ் பாக்ஸ் மூன்றும்தான். பாடுகிறவர் குரலுக்கு மேடை விளிம்பில் சின்ன பாக்ஸ்கள் வைக்க வேண்டும். செலவு மிச்சம் பிடிக்கும்போது முதலில் கழற்றப்படுவது அவைதான்.

மைதானத்தின் நடுவில் தடுப்பு கட்டிய ஒரு சிறு கூடாரம் இருக்கும், அதற்குள்தான் மிக்ஸர். சவுண்ட் இன்ஜினீயர் தன் காதுக்குச் சரியாக வருவதைத்தான் ஊருக்கு அனுப்புகிறார். ஆகவே கூடாரத்துக்கு முன்னால் நாலைந்து அடி தள்ளி நில்லுங்கள். பாக்ஸ் வரிசை கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் நிற்பவர் தலை மறைத்தால் கிட்டாரின் கூர்மையும் சிம்பலும் அந்தத் தலையிலேயே நின்றுவிடும்.

பேஸ் விஷயம் இன்னும் வேடிக்கை. இடம், வலம் இரண்டு பேஸ் அடுக்கும் நடுக்கோட்டில் ஒரே நேரத்தில் வந்து சேர்வதால் அங்கே மட்டும் இரட்டிப்பாக இடிக்கும். பக்கவாட்டில் நகர்ந்தால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். இரண்டு பாதைக்கும் மூன்றரை மீட்டர் வித்தியாசம் வருகிற இடத்தில் அந்த ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். ‘பேஸே இல்லை’ என்று திட்டுவதற்கு முன் நாலு எட்டு நகர்ந்து பாருங்கள்.

ஆடி மாசம் எங்க காலேஜ் மைதானத்துல ரெண்டு பேண்டு வெச்சோமுங்க. மேடை மேற்குப் பார்த்து இருந்துச்சு. பின்னாடி நின்னவங்களுக்குச் சத்தம் வந்து வந்து போச்சு. மேடைக்குப் பின்னால இருக்கற ஊர்க்காரங்க மட்டும் தூக்கம் போச்சுன்னு சண்டைக்கு வந்துட்டாங்க. பாக்ஸைக் கூட்டியிருக்கணுமுங்களா?
– விழாக்குழு, பொள்ளாச்சி

பாக்ஸைக் கூட்டியிருந்தால் சண்டைதான் பெரிதாகியிருக்கும். பிழை திசையில்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று வீசுவது உங்களுக்குத் தெரியாததல்ல. தரையை ஒட்டிய காற்று மெதுவாகவும், மேலே போகப் போக வேகமாகவும் ஓடும். காற்றோடு போகிற ஒலி இதனால் தரையை நோக்கி வளையும், எதிர்த்துப் போகிற ஒலி வானத்தைப் பார்த்து வளையும். மேற்குப் பார்த்த மேடையில் பாக்ஸ் காற்றை எதிர்த்துக் கத்துகிறது. ஐம்பது மீட்டர் வரை பெரிதாகத் தெரியாது. நூறைத் தாண்டினால், காற்று பலக்கும்போதெல்லாம் மேல் ஸ்வரங்கள் பின்வரிசைக்காரர் தலைக்கு மேலே போய்விடும். பேஸ் பாக்ஸோ முன்னும் பின்னும் ஒரே அளவில் ஒலிப்பது. பின்பக்கம் போனதைக் காற்று வாங்கிக் கிழக்கே இருந்த ஊரில் இறக்கிவிட்டது.

அடுத்த முறை மேடையை மேற்கு ஓரத்தில் கிழக்குப் பார்த்துப் போடுங்கள். பொழுது சாயும்வரை வெயில் பார்வையாளர் கண்ணில் அடிக்கும், அதனால் பெரிய பேண்டை ஏழு மணிக்கு மேல் ஏற்றுங்கள். பேஸ் பாக்ஸ் மூன்றில் ஒன்றைப் பின்பக்கம் திருப்பி, அதற்குப் போலாரிட்டியை மாற்றி (ஒலியலையைத் தலைகீழாக்கி), அளவான டிலே (தாமதம்) கொடுக்கச் சொல்லுங்கள். பின்னால் போகிற பேஸ் கணிசமாகக் குறையும். கார்டியாய்ட் சப் என்று கேட்டால் விவரமான மைக்செட்காரருக்குப் புரியும்.

மார்கழியில் காற்றே இல்லாத ராத்திரியிலும் ஏமாறாதீர்கள். தரை குளிர்ந்து, உயரத்தில் இருக்கும் காற்று வெதுவெதுப்பாக இருந்தால் ஒலி அதே போலக் கீழே வளைந்து வெகுதூரம் போகும். நாலு ஊர் தள்ளி நடக்கிற நோம்பியின் மைக்செட் பாட்டு அதிகாலையில் பக்கத்து வீட்டில் ஓடுவதுபோலக் கேட்பது அதனால்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ஆடியில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, பிளெக்ஸ் பறக்கும். மேடைக்குப் பின்னால் கட்டும் 20க்கு 10 அடி பேனர்மீது மணிக்கு 27 கி.மீ. காற்று அடித்தால் சுமார் 65 கிலோ தள்ளும். வேகம் இரட்டித்து 54 ஆனால் தள்ளுவது இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு, கிட்டத்தட்ட 260 கிலோ. அத்தனையும் மேடைச் சாரத்தின் தலைமீது விழும். காற்று புகுந்து போகட்டும் என்று பேனரை அங்கங்கே அரைவட்டமாகக் கீறிவிடுவதில் பெரிய பயனில்லை. வலைத்துணியில் அச்சடியுங்கள், அல்லது கயிற்றை ஒரே இழுப்பில் அவிழ்க்கும்படி கட்டி, காற்று ஏறியதும் இறக்கிவிட ஓர் ஆளை அதற்கென்றே நிறுத்துங்கள்.

கிட்டாரைப் பிடிச்சுட்டு மைக்ல வாய் வெச்சா உதட்டுல சுருக்குனு ஷாக் அடிக்குதுங்க. ‘உம்’னு சத்தமும் வருது. மைக்செட் அண்ணன் பிளக்கோட எர்த் பின்னை வெட்டி விட்டாரு, சத்தம் நின்னுருச்சு. இது சரிங்களா?
– கிட்டார் வாசிப்பவர், கரூர்

சத்தம் நின்றது, உயிருக்கு இருந்த காப்பும் சேர்ந்து நின்றது. 1972 மே மாதம் ஸ்டோன் த க்ரோஸ் என்ற ஸ்காட்லாந்து பேண்டின் கிட்டார்காரர் லெஸ்லி ஹார்வி, ஸ்வான்சீ நகர மேடையில் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு அங்கேயே இறந்துபோனார். கம்பி வாத்தியம் ஒரு கையில், மைக் உதட்டில் என்றால் நடுவில் இருக்கும் நீங்கள்தான் ஒயர்.

மேடை ஏறும் முன் ஒரு மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து இந்த வரிசையில் பாருங்கள். எதையும் சொருகுமுன் போர்டில் ஃபேஸுக்கும் (கரண்ட் வரும் முனை) நியூட்ரலுக்கும் 220 முதல் 240 வோல்ட் வரவேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பிறகு ஆம்பைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் மறு முனையை மைக்கின் வலைமூடியிலும் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். முள் எகிறினால் அந்த மேடையில் பாடாதீர்கள்.

ஜெனரேட்டரில் நியூட்ரல் லூஸாக இருப்பது இன்னொரு ஆபத்து. திருகு தளர்ந்தால் 230 வரவேண்டிய இடத்தில் 415 வரை ஏறும். அன்றைக்கு ஆம்பும் மிக்ஸரும் சேர்ந்து புகையும். ஜெனரேட்டர்காரரை நியூட்ரல் முனையை உங்கள் கண் முன்னால் முறுக்கிக் காட்டச் சொல்லுங்கள், சங்கடப்படாதீர்கள். மேடைக்குப் போகும் லைனில் கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இருக்க வேண்டும்.

இனி ‘உம்’. கிட்டாரில் வால்யூமை முழுக்கக் குறையுங்கள். சத்தம் நின்றால் குற்றம் கிட்டார் பக்கம். சிங்கிள் காயில் பிக்கப் என்றால் உடம்பைக் கால் வட்டம் திருப்பி நின்றாலே பாதி அடங்கும். நிற்காவிட்டால் எர்த் லூப். ஆம்பும் மிக்ஸரும் வெவ்வேறு போர்டில் கரண்ட் எடுப்பதால் வருவது. இரண்டையும் ஒரே போர்டுக்குக் கொண்டு வாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் டி.ஐ. பாக்ஸ் என்ற சிறு இணைப்புப் பெட்டியை நடுவில் போட்டு அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் பட்டனைத் தள்ளுங்கள். அது சவுண்ட் ஒயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும், கரண்ட் எர்த்தைத் தொடாது. ‘உம்’ இல்லாமல் ‘ஜ்ஜ்’ என்று வண்டு மாதிரி வந்தால் லைட் டிம்மர்தான் காரணம். லைட்டுக்கு ஒரு ஃபேஸ், சவுண்டுக்கு வேறு ஃபேஸ் என்று பிரியுங்கள். முடிந்தால் தனி ஜெனரேட்டரே வையுங்கள். 62.5 கே.வி.ஏ. வண்டி 0.8 பவர் ஃபேக்டரில் 50 கிலோவாட்தான் தரும். அதிலும் முக்கால் அளவுக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

கச்சேரி முடிஞ்சு ரெண்டு நாளா காதுல ‘ங்ஙீ’ங்குது. பஞ்சு வெச்சுட்டுத்தானுங்க போனேன்.
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பஞ்சு வைப்பதும் வைக்காததும் ஒன்றுதான். இரண்டு நாளாகியும் நிற்கவில்லை என்றால் இதைப் படித்து முடித்ததும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். கேட்பதும் மந்தமாகியிருந்தால் இன்றைக்கே போங்கள், இதில் நாள் கடத்தினால் வைத்தியம் பலிக்காது.

85 டெசிபல் ஒலியை 8 மணி நேரம் கேட்கலாம் என்பது தொழிற்கூடங்களுக்கு அமெரிக்காவின் நையாஷ் அமைப்பு வைத்த கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிஷம். பேஸ் பாக்ஸுக்கு எதிரில் நின்றால் முதல் மூன்று பாட்டிலேயே அந்த ஒதுக்கீடு தீர்ந்தது. சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக்குள் நிற்கிற மாதிரி, கை எட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்த வேண்டியிருந்தால் 85ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தறிக்கூடத்துக்கு விற்கிற நுரைச் செருகியே போதும், வைக்கிற விதத்தில்தான் இருக்கிறது. விரலால் உருட்டி ஊசியாக்குங்கள். எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டு வந்து காதை மேலும் பின்னுமாக இழுங்கள். துவாரம் நேராகும். உள்ளே விட்டு, விரலை எடுக்காமல் அரை நிமிஷம் பிடியுங்கள். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் வைத்தது தப்பு. நுரை மேல் ஸ்வரங்களை அதிகம் அமுக்கும். பாட்டு அப்படியே இருந்து சத்தம் மட்டும் 15, 20 டெசிபல் இறங்க வேண்டுமென்றால் இசைக்காரர்களுக்கான ஃபில்டர் வைத்த சிலிக்கான் செருகி வாங்குங்கள். சின்னக் குழந்தைகளுக்குச் செருகி வேண்டாம், காதுக்கு மேல் மாட்டும் மஃப்தான் சரி.

எங்க பேண்டுல பறை, உறுமி, தவில் மூணும் டிரம்ஸோட சேருதுங்க. மேடையில உறுமி கேக்கவே மாட்டேங்குது, மைக்கைக் கூட்டினா ஊய்ங்குது.
– இசைக்குழு, காங்கேயம்

உறுமிக்கு உயிர் தேய்க்கிற பக்கத்தில். அது மெல்லிய ஒலி. பெரும்பாலும் மைக்கை அடிக்கிற பக்கம் வைத்துவிடுகிறார்கள். தேய்க்கும் தோலுக்கு நாலு விரற்கடை தூரத்தில் ஒரு டைனமிக் மைக் வையுங்கள். அடிக்கும் பக்கம் அதைவிடத் தள்ளி இருந்தாலும் போதும். தவிலுக்கு வலந்தலை, தொப்பி என்ற இரு முகத்திலும் மைக் வைத்தால், ஒன்றின் போலாரிட்டி பட்டனை மாற்றிப் பாருங்கள். எந்த நிலையில் அடி கனமாக வருகிறதோ அதில் விடுங்கள். பறைக்காரர் ஆடாமல் வாசிக்க மாட்டார், ஸ்டாண்ட் மைக் அவருக்கு வீண். வளையத்தில் மாட்டும் கிளிப் மைக், இடுப்பில் கார்டுலெஸ்.

ஊய்ங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் மானிட்டர், அதாவது வாசிப்பவரைப் பார்த்து மேடையில் வைக்கும் பாக்ஸ், வைத்த இடம். கார்டியாய்ட் மைக்குக்கு நேர் பின்பக்கம் செவிடு, அங்கே மானிட்டர் வையுங்கள். சூப்பர் கார்டியாய்டுக்கு நேர் பின்னால் வைத்தால் கத்தும், பின்பக்கத்தின் இரு ஓரங்களில்தான் அதன் செவிட்டு இடம்.

தோல் பறை என்றால் பனிக்குத் தளரும். காய்ச்சிய கையோடு முதல் இரண்டு பாட்டில் பறையை வைத்துக்கொண்டால் நல்லது. நெருப்பு மூட்டுவது ஜெனரேட்டருக்கும் டீசல் கேனுக்கும் எதிர்க்கோடியில் இருக்கட்டும்.

பின்னாடி நிக்கறவங்க கை தட்டறது ஏனுங்க தாளத்துல சேரறதில்ல?
– வாசகர், மேட்டுப்பாளையம்

ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி வினாடி ஆகிறது. 100 மீட்டர் பின்னால் இருப்பவருக்குப் பாட்டு 0.29 வினாடி தாமதம். நிமிஷத்துக்கு 120 அடி போகிற பாட்டில் ஓர் அடிக்கு அரை வினாடி. ஆக அவர் தட்டுவது அரை அடிக்கும் மேல் பிந்தும், அந்தத் தட்டு மேடைக்குத் திரும்பி வரும்போது அடுத்த அடியே தாண்டியிருக்கும். அதனால்தான் டிரம்மர்கள் கூட்டத்தைப் பார்க்காமல் காதில் கிளிக், அதாவது தாளம் எண்ணும் ‘டிக் டிக்’ ஒலி, மாட்டிக்கொள்கிறார்கள். நடுவில் டவர் நிறுத்திப் பாக்ஸ் வைத்தால் அதற்கும் இதே கணக்கில் டிலே கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கும்.

பையனுக்குப் பதினேழு வயசுங்க. கூட்டத்துல முன்னாடி நிக்கோணும்ங்கறான். அனுப்பலாமுங்களா?
– ஒரு தாய், ஈரோடு

அனுப்புங்கள், இதைச் சொல்லி அனுப்புங்கள். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாத நெருக்கம் வந்தால் பாட்டு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சதுர மீட்டருக்கு ஐந்து பேரைத் தாண்டினால் கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கும், யாரும் தள்ளாமலே தள்ளும். இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன் மடித்து மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ள வேண்டும். அலை ஓய்கிற நொடியில் குறுக்குச் சாய்வாக ஓரத்துக்கு நகர வேண்டும், நேர் பின்னால் அல்ல. போன் விழுந்தால் குனியவே கூடாது. 2000இல் டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழாவில் பேர்ல் ஜாம் வாசித்தபோது நெரிசலில் 9 பேர் இறந்தார்கள், அது திறந்த வெளி மைதானம்தான்.

போனதும் முதலில் தடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டம் நிற்கிற பக்கமாகத் தரையில் தகடு நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் தடுப்பு நல்லது. நிற்பவர் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். சவுக்குக் கட்டையும் கயிறும் கட்டியிருந்தால் முன்வரிசை ஆசையை விட்டுவிட்டு மிக்ஸர் பக்கம் வந்துவிடட்டும்.

ராத்திரி எத்தனை மணி வரைக்கும் சவுண்ட் வைக்கலாமுங்க?
– இளைஞர் மன்றம், தாராபுரம்

திறந்த வெளியில் பத்து மணிக்கு நிறுத்த வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, பண்டிகை, கலைவிழா நாட்களுக்கு மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் கூடாது. எல்லைக்கோட்டில் 75 டெசிபல், அல்லது அந்தப் பகுதிக்கு உரிய அளவைவிட 10 கூடுதல், இதில் எது குறைவோ அது. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் அளவு 55 என்பதால் உங்களுக்குக் கிடைப்பது 65தான். காவல் நிலையத்தில் எழுத்தில் அனுமதி வாங்கி, அதன் நகலை மிக்ஸர் மேஜையில் ஒட்டி வையுங்கள். கடைசிப் பாட்டை 9.45க்குத் தொடங்கச் சொல்லி பேண்டிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.