படிவம் நிரம்புகிறது, பலன் எங்கே?

கேள்வி: அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை ஆறு மாதமாகப் பயன்படுத்துகிறோம். 98 சதவீதப் படிவங்கள் நிரம்பியிருக்கின்றன. சிக்கல்கள் மட்டும் குறையவில்லை. பட்டியலே உதவாதா?

பதில்: பட்டியலைக் குறை சொல்லும் முன், அது அறுவை அரங்கில் உண்மையிலேயே நடக்கிறதா என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்சப் பட்டியலை 8 மருத்துவமனைகளில் சோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் பட்டியலைப் புகுத்திய 101 மருத்துவமனைகளின் கணக்கு 2014இல் வந்தது: இறப்பு 0.71 சதவீதத்திலிருந்து 0.65 ஆனது, அவ்வளவுதான். புள்ளியியல் கணக்கில் அது தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவுதான். காரணம் குறித்துச் சர்ச்சை உண்டு. புகுத்திய விதத்தில்தான் கோளாறு என்பார் பலர்.

முதலில் பழைய படிவங்கள் முப்பதை எடுங்கள். மயக்க மருந்துக்கு முன், கீறலுக்கு முன், நோயாளி அரங்கைவிட்டுக் கிளம்பும் முன் என மூன்று கட்டங்களும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் டிக் அடிக்கப்பட்டிருந்தால் விஷயம் விளங்கிவிடும். பிறகு இருபது முப்பது அறுவைகளை நேரில் கவனியுங்கள். கீறலுக்கு முன் எல்லோர் கையும் நிற்கிறதா? ஒருவர் உரக்க வாசிக்கிறாரா? ஆன்டிபயாட்டிக் கடந்த 60 நிமிடத்துக்குள் போனதா? ஆள் பார்க்கிறார் என்றால் எல்லோரும் ஒழுங்காக நடப்பார்கள்; முதல் சில நாள் குறிப்புகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தவறு தெரிந்ததும் உடனே பயிற்சி வகுப்பு என்று கிளம்புவது வழக்கமான பிழை. ஆன்டிபயாட்டிக் மருந்தை வார்டிலேயே இரண்டு மணி நேரம் முன்பு போட்டு அனுப்பினால், வகுப்பு எத்தனை எடுத்தும் நேரம் மாறாது. மருந்து போடும் இடத்தை மாற்றுங்கள்; அரங்கில் மயக்கவியல் மருத்துவர் பொறுப்பில் விடுங்கள். உள்ளூர்த் தேவைக்காக வரிகளைச் சேர்க்கலாம். நாற்பது வரியாக்கினால் யாரும் வாசிக்க மாட்டார்கள். மூன்று நிறுத்தங்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கேள்வி: ஒரு சிகிச்சை முறை நடைமுறையில் எப்படிப் புகுத்தப்படுகிறது என்று பார்க்கும் செயலாக்க ஆய்வில் நோயாளியின் பலனையும் அளக்க வேண்டுமா?

பதில்: சான்று எவ்வளவு உறுதி என்பதைப் பொறுத்தது. சிகிச்சையின் பலனே சந்தேகமென்றால் அதை முதன்மையாக அளந்து, செயலாக்கத் தகவலையும் கூடவே திரட்டுங்கள். பலன் உறுதியென்றால் கவனம் செயலாக்கத்தில் இருக்கட்டும். நோயாளி விவரம் துணைக்கு வரட்டும். இரண்டுக்கும் நடுவே இரண்டையும் சமமாக அளக்கும் வகையும் உண்டு. எதுவானாலும் ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் விடுபடுகிறார்கள் என்று கணக்கிடுங்கள்: 10 மையங்களில் 8 ஏற்று, அங்கு 80 சதவீதம் பேருக்குக் கிடைத்து, அதிலும் 80 சதவீதமே முறைப்படி நடந்தால், பலன் சேர்வது 51 சதவீதம் பேருக்கே.