சம்பளம் மாதாமாதம் வருகிறது, பில் அப்படி வருவதில்லையே!

பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் ஒன்றில் நெடுநாள் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மாதச் சம்பளக்காரர்களின் வீட்டுச் செலவு பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. கைக்கு வருவது 31,500. குடி, சீட்டாட்டம் எதுவும் கிடையாது. ஆனாலும் 20ஆம் தேதிக்கு மேல் கையில் காசில்லை. எங்கே போகிறது என்றே தெரியவில்லை சார்.

தம்பி, டீக்கும் வடைக்கும் போகவில்லை. மாதாமாதம் வராத பில்களுக்குப் போகிறது. எங்கள் சங்கத்தில் கடன் மனு எப்போது குவியும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்: மே கடைசியில் ஒரு தடவை, தீபாவளிக்கு முந்தின மாதம் ஒரு தடவை. பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கும் என்பதும் தீபாவளி ஐப்பசியில் வரும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு வருடமும் திடீர்ச் செலவு மாதிரியே வந்து நிற்பார்கள்.

நீங்கள் எழுதிய விவரத்தை வைத்தே கணக்குப் போட்டேன். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் வருடம் 38,400, மாதத்துக்கு 3,200. தீபாவளித் துணிமணி, பலகாரம், ஊருக்குப் போய் வருவது எல்லாம் சேர்த்து 18,000; மாதம் 1,500. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு 1,600, மாதம் 800. மொய், கோயில் திருவிழா 12,000, மாதம் 1,000. வண்டி இன்சூரன்ஸும் சர்வீஸும் 6,000, மாதம் 500. கூட்டினால் 7,000 வருகிறது. ஆக, நீங்கள் செலவு செய்யத் தகுந்த சம்பளம் 24,500தான். 31,500 என்று நினைத்துச் செலவு செய்தால் 20ஆம் தேதியோடு தீரத்தான் செய்யும்.

போன வருடத்து பேங்க் ஸ்டேட்மென்டை எடுத்து, மாதாமாதம் வராத செலவை எல்லாம் வட்டம் போடுங்கள். மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகையைச் சம்பளம் வந்த அன்றே தனியே எடுத்துவையுங்கள். மளிகை, பால், வாடகை எல்லாம் மிச்சத்தில்தான்.

கேள்வி: அந்த 7,000 ரூபாயை எங்கே வைப்பது? ஆர்.டி. போடலாமா, ஏலச்சீட்டா?

இன்னொரு சேமிப்புக் கணக்குத் தொடங்குங்கள். அதற்கு ஏடிஎம் கார்டு வாங்காதீர்கள், போனில் பணம் அனுப்பும் ஆப்பில் இணைக்காதீர்கள். கைக்கு எட்டாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. தேதி தெரிந்த செலவுக்கு மட்டும் ஆர்.டி. சரி, ஜூனில் கட்ட வேண்டிய பணத்துக்கு மே மாதம் முதிர்கிற மாதிரி பேங்கில் போடலாம். தபால் ஆபீஸ் ஆர்.டி. ஐந்து வருடம், அது இந்த வேலைக்கு ஆகாது.

சீட்டு வேண்டாம். பதிவு செய்த கம்பெனியாகவே இருந்தாலும், 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நடத்துபவர் 7 சதவீதம் வரை கமிஷன் எடுக்கலாம். அவசரத்துக்கு ஏலத்தில் தள்ளி எடுத்தால் கசர், அதாவது நாம் விட்டுக்கொடுக்கிற தள்ளுபடித் தொகை, இன்னும் கடிக்கும். பில் கட்டுகிற பணத்துக்கு அது இடமில்லை.

கேள்வி: மதுரையிலிருந்து எழுதுகிறேன். போன தடவை 480 யூனிட், இந்தத் தடவை 520. நாற்பது யூனிட் கூடியதற்கு பில் அநியாயத்துக்கு ஏறியிருக்கிறது. மீட்டர் பழுதா?

மீட்டர் சரியாகத்தான் இருக்கும் அம்மா. 500 என்கிற கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். 2024 ஜூலை கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். 500க்குள் இருந்தால் முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய்தான். 500 தாண்டினால் அந்த 2.35 சலுகை விலை போய், 101 முதல் 200 வரையுள்ள நூறு யூனிட்டுக்கும் 4.70 ஆகிவிடும். அதிலேயே 235 ரூபாய் போயிற்று. ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் இந்த 235 போகும். 500க்கு மேல் ஓடிய யூனிட்டுக்குத் தனியே விலை கூடுதல்.

கணக்கெடுத்துப் போன நாளிலிருந்து ஒரு மாதம் கழித்து நீங்களே மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துவையுங்கள். அந்த ஒரு மாதத்தில் ஓடியது 250 யூனிட்டைத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் பிடித்து ஓட்ட வேண்டும். ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட்டிலிருந்து ஒன்றரை வரை இழுக்கும்; தினம் ஒரு மணி நேரம் குறைத்தாலே இரண்டு மாதத்தில் 60 யூனிட்டாவது மிஞ்சும். ஃபேனை அணைக்கச் சொல்லிப் பிள்ளைகளோடு சண்டை போடுவதால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது.

கேள்வி: சம்பளம் 7ஆம் தேதி. இஎம்ஐ 5ஆம் தேதி. அடிக்கடி பவுன்ஸ் ஆகிறது.

கடன் கொடுத்த இடத்தில் தேதியை 10க்கு மாற்றக் கேட்டு எழுதிக் கொடுங்கள். பல இடங்களில் மாற்றித் தருவார்கள். கிரெடிட் கார்டாக இருந்தால், பில் தேதிச் சுற்றை ஒரு தடவையாவது மாற்றிக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பவுன்ஸ் ஆனால் கடன் கொடுத்தவரும் அபராதம் போடுவார், உங்கள் பேங்கும் போடும். தேதி மாறும் வரை, ஒரு தவணைப் பணத்தைச் சம்பளக் கணக்கில் தொடாமல் விட்டுவையுங்கள்.

கேள்வி: கிரெடிட் கார்டில் 40,000 பாக்கி. மாதாமாதம் 'மினிமம் டியூ', அதாவது கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை, தவறாமல் கட்டுகிறேன். ஆனாலும் பாக்கி குறையவே இல்லை ஐயா.

குறையாது. உங்கள் கார்டுக்கு மாத வட்டி 3.5 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். 40,000க்கு வட்டி 1,400. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 252. மொத்தம் 1,652. நீங்கள் கட்டுகிற மினிமம் 5 சதவீதம், அதாவது 2,000. அசலில் கழிவது 348 ரூபாய். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குகிற சாமானுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பதால், அந்த 348ஐ ஒரு தடவை பெட்ரோல் போட்டே தின்றுவிடுவீர்கள்.

இன்றே கார்டை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். வீட்டில் நகை இருந்தால் பேங்கில் அடகு வைத்து இதை ஒரே அடியாக அடைத்துவிடுங்கள். பேங்க் நகைக்கடனுக்கு இதில் மூன்றில் ஒரு பங்கு வட்டிகூட வராது. நகையை வைக்க வீட்டில் மனம் வராது, தெரியும். இந்தக் கணக்கைக் காட்டிப் பேசுங்கள். அப்புறம் கார்டுக்குக் கட்டிய அதே 2,000ஐ நிறுத்தாமல் நகைக்கடனுக்குக் கட்டுங்கள். நகையை மீட்ட பிறகு கார்டு தேவையா என்று யோசிக்கலாம்.

கேள்வி: சம்பளத்தில் 50 சதவீதம் தேவைக்கு, 30 ஆசைக்கு, 20 சேமிப்புக்கு என்கிற 50-30-20 விதி எப்படி?

சென்னை வேளச்சேரியில் வாடகை கட்டுகிறவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: கும்பகோணம். வீட்டுச் செலவுக்கு வீட்டுக்காரர் மாதம் 14,000 தருவார். போன மாதம் கஷ்டப்பட்டு 1,200 மிச்சம் பிடித்தேன். "அப்போ 12,800 போதுமே" என்று இந்த மாதம் குறைத்துவிட்டார்.

அம்மா, இனிமேல் அவர் கண்ணில் மிச்சத்தைக் காட்டாதீர்கள் என்றுதான் சொல்ல வாய் வருகிறது. நம் வீடுகளில் அரிசி டப்பாவிலும் அஞ்சறைப் பெட்டியிலும் காசு பதுங்கியதற்குக் காரணமே இதுதான்.

இந்தப் பதிலை அவரையும் படிக்கச் சொல்லுங்கள். ஐயா, சிக்கனம் பிடித்தவருக்கே வெட்டு விழுந்தால் அடுத்த மாதம் யார் சிக்கனம் பிடிப்பார்கள்? அந்த 1,200 வந்தது உங்கள் மனைவி எடுத்த முயற்சியால். ஒருவேளை அந்த மாதம் சிலிண்டர் வாங்க வேண்டி வராமல் இருந்திருக்கலாம், விருந்தாளி வராமல் இருந்திருக்கலாம். ஒரு மாதத்தை வைத்துத் தொகையை மாற்றாதீர்கள்; ஆறு மாதம் பார்த்து இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். மிஞ்சுவது மனைவி பெயரில் ஒரு கணக்கில் போகட்டும்.

கேள்வி: வீட்டு வரி எப்போது கட்டினால் லாபம்?

அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்தில். அதாவது ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கட்டினால் சென்னை மாநகராட்சியில் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய்.

கேள்வி: எல்லாம் சரி ஐயா, மொய்யை எப்படி பட்ஜெட்டில் கொண்டுவருவது? பத்திரிகை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

ஓரளவு தெரியும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணப் பத்திரிகை வராது. ஆவணியிலும் தையிலும் வந்து குவியும். வீட்டு மொய் நோட்டை எடுங்கள். உங்கள் கல்யாணத்துக்கும் பிள்ளைகளின் காதுகுத்துக்கும் யார் எவ்வளவு எழுதினார்கள் என்று அதில் இருக்கும். அவர்களில் யார் வீட்டில் கல்யாண வயதில் பிள்ளை இருக்கிறது, யார் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார் என்பது உங்கள் அம்மாவுக்கு அத்துப்படி. அவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் வருகிற வருடத்துத் தொகை கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். அவர்கள் செய்ததற்கு மேல் எவ்வளவு கூட்டி எழுதுவது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், அதில் நான் தலையிடமாட்டேன்.