சொந்தத் தொழில்: ஓய்வையும் விலையில் சேருங்கள்

கேள்வி: தனியாக வடிவமைப்புத் தொழில் செய்கிறேன். வேலைக்குப் போன காலத்தைவிட இப்போது உழைப்பு அதிகம். ஞாயிற்றுக்கிழமைகூட லேப்டாப்பை மூட முடிவதில்லை. கையில் நிற்கும் பணமோ பழைய சம்பளத்தைவிடக் குறைவு. நேரத்தை எப்படித் திட்டமிட்டால் நிம்மதி கிடைக்கும்?

பதில்: நேரத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் உங்கள் கட்டணத்தைப் பாருங்கள். ஏழு நாளும் உழைத்தும் காசு நிற்கவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு இது: ஆண்டுக்கு 52 வாரம், வாரத்துக்கு 40 மணி நேரம், ஆக 2,080 மணி நேரம். ஆண்டுத் தேவையை 2,080-ஆல் வகுத்து, வருவதை ஒரு மணி நேரக் கட்டணமாக வைத்துவிடுகிறார்கள். மாதச் சம்பளக்காரர் விடுப்பில் இருந்தாலும் சம்பளம் வரும். உங்களுக்கு அப்படி வராது. எனவே விடுமுறைக்கு 4 வாரம், பொது விடுமுறைகளுக்கு 2 வாரம், உடம்புக்கு முடியாத நாட்களுக்கு 2 வாரம் என முதலிலேயே கழித்துவிடுங்கள். மிஞ்சுவது 44 வாரம், அதாவது 1,760 மணி நேரம். அதிலும் கொட்டேஷன் தயாரிப்பது, பில் போடுவது, பாக்கியைக் கேட்டுத் தொடர்ந்து பேசுவது, புது வாடிக்கையாளரைத் தேடுவது எல்லாம் யாரும் காசு தராத வேலை. அதற்கு 40 சதவீதம் போனால், பில் போடக்கூடிய நேரம் 1,056 மணிதான்.

குடும்பச் செலவு, தொழில் செலவு, வரி, சேமிப்பு எல்லாம் சேர்ந்து உங்கள் நாணயத்தில் ஆண்டுக்கு 12,00,000 தேவை என்று வைத்துக்கொள்வோம். முதல் கணக்கில் கட்டணம் மணிக்கு 577 வரும். இரண்டாவது கணக்கில் 1,136. 577 வாங்குகிறவர் மீதிப் பாதியை இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் உழைத்துத்தான் ஈடுகட்ட வேண்டும். இதற்கு எந்த நேர அட்டவணையும் மருந்தாகாது.

அந்த 40 சதவீதம் ஒரு உத்தேசம்தான். உங்களுடையது எவ்வளவு என்று தெரிய, இரண்டு வாரம் அரை மணிக்கொரு முறை குறித்து வையுங்கள்: காசு வரும் வேலை, நிர்வாகம், வாடிக்கையாளர் தேடல், இலவசத் திருத்தம் என்று நான்கு பத்தி போதும். பலருக்கு அதிர்ச்சி தருவது நான்காவது பத்திதான். அடுத்த கொட்டேஷனிலேயே, "இரண்டு முறை திருத்தம் இந்தக் கட்டணத்தில் அடங்கும், மூன்றாவது முதல் தனிக் கட்டணம்" என்று எழுதிவிடுங்கள்.

விலையை எல்லோருக்கும் ஒரே நாளில் ஏற்ற வேண்டாம். புது வாடிக்கையாளர்களிடம் புது விலையைச் சொல்லுங்கள். பழையவர்களுக்கு 60 நாள் முன்னதாகத் தெரிவியுங்கள். அந்தக் கடிதத்தில் மன்னிப்பும் வேண்டாம், நீண்ட விளக்கமும் வேண்டாம். இரண்டும் பேரத்துக்கு வழி திறந்துவிடும். வாடிக்கையாளர் போய்விடுவாரோ என்ற பயம் நியாயமானது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவு வேலை தருகிறவர்கள் என்றால், விலையை 20 சதவீதம் ஏற்றி ஆறில் ஒருவர் விலகினாலும் வரவு குறையாது, வேலை மட்டும் ஆறில் ஒரு பங்கு குறையும். நீங்கள் தேடும் ஞாயிற்றுக்கிழமை அதற்குள் இருக்கிறது.

கேள்வி: கணக்கு எழுதித் தரும் தொழில். இரவு பதினொன்றுக்கும் வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளிடம் போய்விடுவார்களே?

பதில்: இரவு பதினொன்றுக்குக் கேட்டவருக்கு 11.05-க்குப் பதில் போனால், அடுத்த முறையும் அவர் அந்த நேரத்தில்தான் கேட்பார். அவர்மேல் தவறில்லை, அதுதான் உங்கள் வேலை நேரம் என்று அவருக்குத் தெரிகிறது. பெரும்பாலான வாடிக்கையாளர்கள் எதிர்பார்ப்பது உடனடிப் பதிலை அல்ல. எப்போது பதில் வரும் என்ற உறுதியைத்தான்.

தொழிலுக்குத் தனி எண் வாங்கி, வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் வேலை நேரத்தைக் குறித்து, அந்த நேரத்துக்கு வெளியே தானாகப் போகும் செய்தியை அமையுங்கள்: "உங்கள் செய்தி கிடைத்தது. வேலை நாளில் காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் பதில் அனுப்புகிறேன்." அவசரம் என்றால் என்ன என்பதையும் நீங்களே வரையறுத்துவிடுங்கள். உங்கள் தொழிலில், அன்றே தாக்கல் செய்ய வேண்டிய கெடுவும் அரசு அலுவலகத்திலிருந்து வந்த நோட்டீஸும் அவசரம். போன மாத அறிக்கையின் நகல் அவசரமில்லை.

இரவில் எழுதத் தோன்றினால் எழுதிக்கொள்ளுங்கள், அனுப்புவது காலையில் இருக்கட்டும். மின்னஞ்சலில் நேரம் குறித்து அனுப்பும் வசதி இருக்கிறது. இந்த ஏற்பாடு குலைவது எப்போதும் ஒரே இடத்தில்தான்: முதல் வாரத்திலேயே "இவர் ஒருவருக்கு மட்டும்" என்று விதிவிலக்குக் கொடுக்கும்போது. ஒரு மாதம் பிடித்து நில்லுங்கள்.

கேள்வி: தையல் கூடம் நடத்துகிறேன். ஏழு மணிக்குக் கடையை மூடிவிடுகிறேன், மனம்தான் மூடுவதில்லை. பிள்ளைகள் பேசும்போதும் நாளைய டெலிவரிதான் தலைக்குள் ஓடுகிறது.

பதில்: முடிக்காத வேலை முடித்த வேலையைவிட மனதில் அதிகம் தங்குவதாக உளவியலாளர் புளூமா சைகார்னிக் 1927-இல் எழுதினார். இதைத் தொடர்ந்து 2011-இல் மசிகாம்போ, பௌமைஸ்டர் இருவரும் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு நேரடியாக உதவும்: வேலையை முடிக்காவிட்டாலும், எப்போது எப்படி முடிப்பது என்று திட்டவட்டமாகத் தீர்மானித்துவிட்டால் அந்த நினைவு குறுக்கிடுவது குறைகிறது.

எனவே 6.45-க்கு எந்திரத்தை நிறுத்திவிடுங்கள். கடைசி 15 நிமிடம் நோட்டுக்கு. பாக்கி ஆர்டர் ஒவ்வொன்றுக்கும் அடுத்த வேலையை ஒரு வரியில் எழுதுங்கள். "சட்டை ஆர்டர்" என்று எழுதினால் பயனில்லை, மனம் மறுபடி அதைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கும். "நாளை 9.30: நீலச் சட்டைக்குக் காலர் வெட்டுவது, 11 மணி: காஜா போட அனுப்புவது, பட்டன் 6 குறைகிறது, வரும் வழியில் வாங்குவது" என்ற அளவுக்கு எழுத வேண்டும். பிறகு நாளைய முதல் துணியை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டு விளக்கை அணையுங்கள். வீட்டில் ஏதாவது நினைவு வந்தால் சட்டைப்பைக் காகிதத்தில் ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். அதற்காகக் கைபேசியை எடுத்தால் வேறு செய்திகள் கண்ணில் பட்டு, மறுபடி வேலைக்குள் போய்விடுவீர்கள்.

டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பதைவிட, கவனம் கேட்கும் ஒன்று வேலை நினைவை நன்றாக விலக்கும். நீச்சல், இசைக்கருவி, பிள்ளைகளோடு சதுரங்கம் என எது பிடிக்கிறதோ அது. வாரத்தில் இரண்டு மாலை போதும்.

கேள்வி: நல்ல மாதத்தில்கூட அடுத்த மாதம் என்ன ஆகுமோ என்ற கவலை. செலவு செய்யவே கை வருவதில்லை.

பதில்: வரவு வரும் கணக்கும் வீட்டுக்கு எடுக்கும் கணக்கும் ஒன்றாக இருப்பதால் வரும் கவலை இது. தொழில் கணக்கு, வரிக் கணக்கு, வீட்டுக் கணக்கு என மூன்றாகப் பிரியுங்கள். பணம் வந்த அன்றே வரிப் பங்கை நகர்த்திவிடுங்கள். கடந்த 12 மாதத்தில் மிகக் குறைவாக லாபம் வந்த மூன்று மாதங்களின் சராசரியை உங்கள் மாதச் சம்பளமாக வைத்து, ஒரே தேதியில் வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். வரியும் சம்பளமும் தொழில் செலவும் போக மிஞ்சுவது தொழில் கணக்கிலேயே தங்கட்டும். அது மூன்று மாதச் சம்பள அளவைத் தொட்ட பிறகு, மிகையில் பாதியை மனசாட்சி உறுத்தாமல் செலவு செய்யலாம்.

கேள்வி: கணவர் சொந்தமாகத் தொழில் செய்கிறார். ஆசைப்பட்டுத் தொடங்கியது. இப்போது எதற்கெடுத்தாலும் எரிச்சல், "என்ன செய்து என்ன ஆகப்போகிறது" என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைக் கவலையோடு படித்தோம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு பணிச் சோர்வுக்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: சக்தியெல்லாம் வடிந்துபோன களைப்பு, வேலைமேல் விலகலும் வெறுப்பும், நம்மால் ஆகாது என்ற எண்ணம். உங்கள் கணவரிடம் இரண்டாவதும் மூன்றாவதும் தெரிகின்றன. அவர் வாரம் எத்தனை மணி நேரம் உழைக்கிறார் என்று இருவருமாக எண்ணிப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் கூடுதல்.

"கொஞ்சம் ஓய்வெடுங்களேன்" என்று சொன்னால் அது அவருக்கு இன்னொரு குற்றச்சாட்டாகக் கேட்கும். அதைவிட, "இந்த வாரம் உங்களை அதிகம் அலைக்கழித்தது எந்த வாடிக்கையாளர், எந்த வேலை?" என்று கேளுங்கள். தொழில் முழுவதும் கசந்துவிட்டது என்பவர்களிடம் கேட்டுப் பார்த்தால், கசப்பு ஒன்றிரண்டு வேலைகளிலிருந்தே வருவது பல நேரம் தெரியும். அதை வேறொருவரிடம் கொடுக்கலாம், விலையை ஏற்றலாம், அடுத்த முறை மறுக்கலாம். அதே தொழிலில் இருக்கும் ஓரிருவரோடு வாரம் ஒருமுறை அவர் பேசுவதும் நல்லது. தனியாக முடிவெடுத்தே களைத்துப்போகிறவர்கள் அதிகம். உதவி செய்கிறேன் என்று அவருடைய பில், போன் எல்லாவற்றையும் நீங்கள் சுமக்கத் தொடங்க வேண்டாம், வீட்டில் இருவருமே களைத்துப்போவீர்கள்.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் விருப்பமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வாழ்வதில் அர்த்தமில்லை என்பதுபோலப் பேசினால் அன்றே செல்லுங்கள், ஆர்டர்கள் காத்திருக்கட்டும்.