செல்லுக்குள் வெசிக்கிள்கள் (குட்டிச் சவ்வுப் பைகள்) வழி தப்பாமல் போய்ச் சேர்வது எப்படி? எந்தப் புரதம் அதைக் கட்டுப்படுத்துகிறது?

எந்தப் புரதம் என்று ஒருமையில் கேட்டிருக்கிறீர்கள். ஏற்றிக்கொண்டு போக ஒன்று, அடையாளம் காட்ட ஒன்று, பிடித்து நிறுத்த ஒன்று, கடைசியில் சவ்வோடு சவ்வை ஒட்டவைக்க ஒன்று என்று பல புரதங்கள் சேர்ந்து செய்கிற வேலை இது.

எம்.எஸ்சி. விலங்கியலில் இதைப் படித்தேன், ஆனால் மனதில் பதிந்தது சித்தப்பாவுக்கு வந்த ரணஜன்னியால் (டெட்டனஸ்). திருமங்கலம் பக்கம் எங்கள் ஊர், அவருக்கு மல்லிகைத் தோட்டம். செருப்பில்லாமல் வரப்பில் நடந்தபோது சீமைக்கருவேல முள் பாதத்தில் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. ஊசியால் தோண்டி எடுத்து, மஞ்சளை அப்பிக்கொண்டு, மறுநாளே பூப்பறிக்கப் போய்விட்டார், தடுப்பூசி போடவில்லை. பத்து நாள் கழித்துக் காலையில் கஞ்சி குடிக்க உட்கார்ந்தவருக்கு வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. மதுரை பெரியாஸ்பத்திரியில் அறையை இருட்டாக்கிப் படுக்க வைத்திருந்தார்கள். நான் அப்போது ஒன்பதாவது. வெளியே யாரோ டம்ளரைக் கீழே போட்ட சத்தத்துக்கே அவர் உடம்பு வில்லாக வளைந்ததைப் பார்த்தேன்.

முள் குத்தியது காலில், தாடை பூட்டிக்கொண்டதோ பத்து நாள் கழித்து. ஏன் இத்தனை தாமதம்?

காயத்தில் புகுந்த ரணஜன்னிக் கிருமியின் விஷம் நரம்பு நுனியில் ஒட்டிக்கொள்ளும், செல் அதை ஒரு குட்டிச் சவ்வுப் பைக்குள் வைத்து உள்ளே இழுத்துவிடும். அந்தப் பைதான் வெசிக்கிள். அதை டைனீன் என்ற மோட்டார் புரதம் நுண்குழல் தடத்தைப் பிடித்துக்கொண்டு தண்டுவடம் வரை இழுத்துப் போகிறது. பாதத்திலிருந்து தண்டுவடம் ஏறக்குறைய ஒரு மீட்டர், இந்தப் பயணம் நாளைக்குச் சுமார் 10 முதல் 20 செ.மீ. தான் ஓடும். கிருமி வளர்ந்து விஷம் சுரக்கவும் நாள் பிடிக்கும், எல்லாமே தூரத்தால் வருவதில்லை, ஆனால் தலைப் பக்கம் பட்ட காயத்தில் ரணஜன்னி சீக்கிரம் வருவதற்கு இந்தத் தூரமும் ஒரு காரணம்.

சரி, எந்தப் பை எங்கே போக வேண்டும் என்பதற்கு அடையாளம் எது? ராப் புரதங்கள். மனித செல்களில் அறுபதுக்கும் மேற்பட்ட வகை உண்டு. சித்தப்பா பூ மூட்டையில் கமிஷன் கடைக்காரர் அடையாளத்தை மையால் போட்டு முதல் பஸ்ஸில் ஏற்றிவிடுவார், மாட்டுத்தாவணியில் இறக்குகிற லோடுமேனுக்கு அந்த அடையாளம் போதும். ராப் அதே மாதிரிதான், ஆனால் நடுவழியில் மாறக்கூடிய அடையாளம். ஜிடிபி (GTP) மூலக்கூறைப் பிடித்திருக்கும்வரை பையின் மேல் ஒட்டியிருந்து, பையைப் பிடித்து நிறுத்துகிறவை உட்படத் தனக்கு வேண்டிய புரதங்களைக் கூப்பிடும். அந்த ஜிடிபி உடைந்ததும் அணைந்துவிடும், இன்னொரு புரதம் வந்து அதைச் சவ்விலிருந்து கழற்றி மறுபடி பயன்படுத்தக் கொண்டுபோகும். ரணஜன்னி விஷம் ஏறிய பையில் முதலில் இருப்பது ராப்5, அது விலகி ராப்7 வந்த பிறகுதான் பை தண்டுவடத்தை நோக்கி நீண்ட ஓட்டம் ஓடும்.

இனி கடைசி வேலை. இரண்டு சவ்வுகளும் தாமாக ஒட்டாது, இடையில் இருக்கிற நீர் விடாது. அங்கே வருபவை ஸ்நேர் புரதங்கள். நரம்பு நுனியில், செய்தி வேதிப்பொருளைச் சுமக்கிற பையின் மேல் சினாப்டோபிரெவின், எதிர்ச் சவ்வில் சின்டாக்சினும் ஸ்னாப்-25ம். மூன்றும் சேர்ந்து (ஸ்னாப்-25 மட்டும் இரண்டு இழை தரும்) நாலு இழை கயிறாக முறுக்கிக்கொள்ள, அந்த முறுக்கு இறுகும் வேகத்தில் இரண்டு சவ்வும் ஒன்றோடொன்று அழுந்தி ஒன்றாகிவிடும். ஆனால் நரம்பில் பாதி முறுக்கிலேயே காத்திருக்கும், கால்சியம் உள்ளே வந்து சினாப்டோடேக்மின் என்ற புரதம் அதை உணர்ந்த பிறகுதான் மீதி முறுக்கு, ஒரு மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிடும்! அப்புறம் என்எஸ்எஃப் என்ற புரதம் செல்லின் எரிபொருளான ஏடிபியை (ATP) செலவழித்து முறுக்கைப் பிரித்துவிடும். இந்த ஏற்பாட்டைத் துலக்கியதற்குத்தான் ராத்மன், ஷெக்மன், சூடாஃப் மூவருக்கும் 2013ல் நோபல் கிடைத்தது.

சித்தப்பா உடம்பில் விஷம் செய்தது, அந்தச் சினாப்டோபிரெவினை ஒரே இடத்தில் வெட்டியது. அதுவும் தசையை அடக்கி வைக்கிற நரம்புகளில். பைகள் நிறைந்து வரிசையில் நிற்கும், ஒட்ட வழியில்லை, "போதும் நிறுத்து" என்கிற செய்தி வெளியே வராது. அதனால்தான் தசைகள் ஓயாமல் இறுகின. இதே குடும்பத்து பாட்டுலினம் விஷம் தசை முனையிலேயே தங்கி வெட்டுவதால் அங்கே நேர்மாறாக உடம்பு தொய்ந்து போகும்.

நரம்புக்குள் நுழைந்துவிட்ட விஷத்தை எதிர்ப்பு மருந்து தொடாது, இன்னும் வெளியே சுற்றுவதைத்தான் பிடிக்கும். வெட்டுப்பட்டதற்குப் பதில் செல் புதிய புரதத்தைச் செய்து நரம்பு நுனிவரை அனுப்ப வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். சித்தப்பா ஒரு மாதத்துக்கு மேல் கிடந்து எழுந்தார். நோயை உண்டாக்குகிற விஷத்தின் அளவு உடம்பில் எதிர்ப்புச் சக்தியை எழுப்பப் போதாது, எனவே வந்து பிழைத்தவருக்கும் ஊசி வேண்டும். அவருக்கும் போட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். உங்கள் வீட்டில் தோட்ட வேலை செய்கிறவர் இருந்தால், ரணஜன்னிக்கான கடைசி டிடி தடுப்பூசி எப்போது போட்டார் என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.