நம்பாதவனுக்கு ரெக்வியம் எதற்கு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அப்பா இறந்து நாலு மாதம் ஆகிறது. ரெக்வியம் என்கிற, இறந்தவர்களுக்கான கிறிஸ்தவ வழிபாட்டு இசையைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு, இசையமைப்பாளர் பிராம்ஸின் ஜெர்மன் ரெக்வியத்தைக் கேட்க ஆரம்பித்தேன். அழுகை வருகிறது. ஆனால் எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. நம்பாத ஒன்றின் முன்னால் அழுவது அப்பாவிடம் பொய் சொல்கிற மாதிரி உறுத்துகிறது.

கே.

அன்புள்ள கே.,

பிராம்ஸின் அம்மா 1865 பிப்ரவரியில் இறந்தார். லத்தீன் ரெக்வியம் இறந்தவருக்கு ஓய்வு கேட்டுத் தொடங்கும். பிராம்ஸ் அதைத் தொடவில்லை. மார்ட்டின் லூதர் மொழிபெயர்த்த ஜெர்மன் பைபிளிலிருந்து தனக்கு வேண்டிய வசனங்களைத் தானே பொறுக்கிக்கொண்டார். முதல் வரியே 'துயரப்படுகிறவர்கள் பாக்கியவான்கள்'. எடுத்த எடுப்பிலேயே அழுதுகொண்டிருப்பவரிடம் பேசுகிறார். கிறிஸ்துவின் பெயர் ஓரிடத்திலும் வராது. 1868இல் பிரெமன் பேராலயத்தில் அரங்கேறியபோது, அந்தக் குறையை ஈடுகட்ட கிறிஸ்துவைப் பற்றிய ஹாண்டலின் 'மெசையா' என்ற இசைப்படைப்பிலிருந்து ஒரு பாடலை இடையில் சேர்த்தார்கள்! உங்களுக்கு இருக்கும் உறுத்தல் அன்றைக்கு எதிர்ப்பக்கத்தில், நம்பிக்கை உள்ளவர்களிடம் இருந்திருக்கிறது.

முதல் பகுதியை இன்னொரு முறை கேளுங்கள். வயலின்கள் வாசிப்பதே இல்லை. வயோலாவும் செல்லோவும் கீழ் ஸ்தாயியிலேயே நகர்கின்றன. துக்க வீட்டில் குரலைத் தாழ்த்திப் பேசுவோமே, அப்படி.

அப்புறம் ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் போர் ரெக்வியத்தையும் கேளுங்கள். 1940இல் குண்டுவீச்சில் அழிந்த இங்கிலாந்தின் கவென்ட்ரி பேராலயத்தின் பக்கத்திலேயே புதிதாகக் கட்டிய பேராலயத்தில், 1962இல் அரங்கேறியது. லத்தீன் வரிகளுக்கு நடுவே போர்க்களக் கவிஞர் வில்ஃப்ரெட் ஓவனின் கவிதைகள் வரும். அவர் 1918இல், முதல் உலகப் போர் முடிய ஒரே வாரம் இருக்கும்போது கொல்லப்பட்டவர். அவருடைய ஒரு கவிதை ஆபிரகாம் கதையை மாற்றிச் சொல்கிறது. பைபிளில், மகனைக் கடவுளுக்குப் பலியிடப் போன ஆபிரகாம் தேவதூதன் சொல்கேட்டு அவனை விட்டுவிடுகிறான். ஓவனின் கிழவன் கேட்பதில்லை. மகனை வெட்டுகிறான், ஐரோப்பாவின் பிள்ளைகளில் பாதியையும் ஒவ்வொருவராக. அந்த வரியை இரண்டு ஆண் குரல்கள் திரும்பத் திரும்பப் பாட, தூரத்தில் ஆர்கனோடு சிறுவர்கள், எங்கள் பலியை ஏற்றுக்கொள்ளும் என்று பாடுகிறார்கள். அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு நடுங்கும். பேராலயத்துக்குள்ளேயே நின்று கடவுளைக் கேட்கும் கேள்வி அது.

பிராம்ஸிலும் அப்படி ஒரு கேள்வி இருக்கிறது. மூன்றாம் பகுதியில், இனி எதைக்கொண்டு ஆறுதல் அடைவேன் என்று கோரஸ் ஒவ்வொரு குரலாக மாற்றி மாற்றிக் கேட்டு, ஓரிடத்தில் தயங்கி நிற்கும். பிறகு வருகிற பதிலை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. அந்தக் கேள்வி வரைக்கும் அப்பாவை நினைத்துக்கொண்டு கேளுங்கள். நிறுத்த வேண்டுமென்று தோன்றினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அன்புடன்