எஞ்சினைப் பிரிக்காமல் தேய்மானத்தை அளக்க முடியுமா?

கேள்வி: எனது பெட்ரோல் கார் 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கம்ப்ரஷன் சோதனையில் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளப்பது) நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டின. எஞ்சின் தேயவில்லை என்று நம்பலாமா?

பதில்: முழுமையாக நம்ப முடியாது. நான்கும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தாலும் அளவுகள் ஒத்தே இருக்கும். ஆகவே தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள அளவோடும் ஒப்பிட வேண்டும். எஞ்சின் சூடாகவும், திராட்டில் (எஞ்சினுக்குள் செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தும் தடுப்பு) முழுதும் திறந்தும், பேட்டரி நல்ல நிலையிலும் இருந்தால்தான் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு உண்டு. அளவு குறைந்த சிலிண்டரில் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் சோதிக்கையில் அழுத்தம் தெளிவாக உயர்ந்தால், பிஸ்டன் ரிங்கோ (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கலாம். உயராவிட்டால் வால்வுகளைச் சந்தேகிக்கலாம்.

இதைவிடக் கசிவுச் சோதனையையே நான் விரும்புவேன். பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சியில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்தினால், எத்தனை விழுக்காடு கசிகிறது என்பதை மீட்டர் காட்டும். எங்கே கசிகிறது என்பதைக் காதே சொல்லிவிடும். ஆயில் ஊற்றும் வாயில் சீறல் கேட்டால் ரிங், சைலன்ஸர் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழிகள் எழுந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர்களுக்கும் அவற்றின் மேல்மூடிக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு).

சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகளின் தேய்மானத்தை இவ்விரு சோதனைகளும் காட்டா. அதற்கு, எஞ்சின் நன்கு சூடான பிறகு ஆயில் அழுத்தத்தை அளக்க வேண்டும். ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, தேய்மானத்தால் ஆயிலில் கலக்கும் ஈயம், செம்பு, இரும்பு ஆகியவற்றின் அளவு ஏறுகிறதா என்று தொடர்ந்து பார்ப்பது இன்னும் நல்லது.